எடைத்தராசில் நிற்கும் பிள்ளைகள்: இளம் விளையாட்டு வீரர்களும் உண்ணுதல் கோளாறும்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த ஜிம்னாஸ்ரிக் வீராங்கனை கிறிஸ்ரி ஹென்றிச் 1994 ஜூலை 26 அன்று உயிரிழந்தார். எட்டு நாட்களுக்கு முன்னர்தான் அவருக்கு 22 வயது பூர்த்தியாகியிருந்தது. அனொரெக்ஸியா, புலிமியா ஆகிய இரண்டு உண்ணுதல் கோளாறுகளாலும் பல ஆண்டுகளாகப் பாதிக்கப்பட்டிருந்த அவரது உடலின் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன.

1988ஆம் ஆண்டு புடாபெஸ்ற் நகரில் நடந்த போட்டியொன்றின்போது, ஒலிம்பிக் அணியில் இடம்பெற வேண்டுமானால் எடையைக் குறைக்க வேண்டும் என்று நடுவர் ஒருவர் அவரிடம் கூறியதாகப் பதிவாகியுள்ளது. அவ்வாண்டு ஒலிம்பிக் தெரிவில் 0.118 புள்ளியால் இடத்தை இழந்தார். அடுத்த ஆண்டு உலக சம்பியன்சிப்பில் சமமற்ற கம்பிகள் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். 1991 ஜனவரியில், பயிற்சியைத் தொடரும் வலு இல்லாமல் விளையாட்டிலிருந்து விலகினார். ஒரு வாக்கியம் மட்டும் ஒருவரைக் கொல்வதில்லை. ஆனால் அந்த வாக்கியம் சென்று விழுந்த இடம் முக்கியமானது. எதைச் சொன்னாலும் செய்து முடிக்கும், வலியைச் சொல்லாத, தன்னைத் தானே வருத்தப் பழகிய ஒரு பதின்ம வயதுப் பிள்ளையின் மனதில் அது விழுந்தது. நல்ல வீராங்கனை என்று நாங்கள் யாரைச் சொல்கிறோமோ, அவர்தான் இந்த நோய்க்கு எளிதில் இரையாகிறார்.

பட்டினி என்ற சொல் எமக்குப் புதியதல்ல. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடை, வன்னியின் இறுதி மாதங்கள், முகாம்களில் சாப்பாட்டுக்கு நின்ற வரிசைகள் என்று எமது பெற்றோர் தலைமுறை அறிந்த பட்டினி எல்லாம் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது. அதனால், சோறு இருக்கின்ற வீட்டில் ஒரு பிள்ளை சாப்பிடாமல் இருப்பதை நோயாகப் பார்ப்பது எமக்குக் கடினம். “சாப்பாட்டின் அருமை தெரியேல்லை”, “அடம் பிடிக்குது” என்றே பேசுகிறோம். அந்தப் பிள்ளை மைதானத்தில் பதக்கம் எடுக்கும் பிள்ளையாக இருந்தால் அதையே “கட்டுப்பாடான பிள்ளை” என்று பாராட்டவும் செய்கிறோம்.

இந்த நோய் என்ன, அது உடலை எப்படி அழிக்கிறது, எந்த விளையாட்டுகளில் அதிகம், வீட்டாரும் பயிற்றுநர்களும் எதைக் கவனிக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது. வீரர்களின் உடல் எடை எண்களும் எடையைக் குறைக்கக் கையாளப்படும் வழிகளின் நுணுக்கங்களும் இங்கு தவிர்க்கப்பட்டுள்ளன. நோயுற்ற பிள்ளைக்கு அவை எச்சரிக்கையாக அல்லாமல் இலக்காக மாறிவிடக்கூடும்.

நோய் எது, பழக்கம் எது?

அனொரெக்ஸியா நேர்வோசா என்பது உடலுக்குத் தேவையான அளவுக்கு உண்ணாமல், எடை கூடிவிடும் என்ற கடும் அச்சத்துடன், மெலிந்த நிலையிலும் தன்னைப் பருமனாகவே காணும் நோய். புலிமியா நேர்வோசாவில், குறுகிய நேரத்தில் கட்டுப்பாடின்றிப் பெருமளவு உண்பதும், பின்னர் குற்றவுணர்வில் அதை வெளியேற்றவோ ஈடுகட்டவோ முயல்வதும் மாறி மாறி நிகழும். ஈடுகட்டும் முயற்சி இல்லாமல் கட்டுப்பாடற்ற உண்ணல் மட்டும் திரும்பத் திரும்ப நிகழ்வதும் தனியானதொரு நோயே. மனநல நோய்களுள் அதிக உயிரிழப்பை ஏற்படுத்துபவற்றில் அனொரெக்ஸியாவும் ஒன்று.

விளையாட்டில் இந்த முழு நோய்களைவிடப் பரவலாக இருப்பது அவற்றுக்கு முந்திய கட்டம். போட்டிக்கு முன் வேளை உணவைத் தவிர்ப்பது, சோறு, பாண், இடியப்பம் எல்லாவற்றையும் ஒதுக்குவது, சாப்பிட்டதற்குத் தண்டனையாகக் கூடுதலாக ஓடுவது என்று அது தொடங்கும். இந்தக் கட்டத்தில் தலையிட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். ஆனால் இந்தக் கட்டத்தில்தான் யாரும் தலையிடுவதில்லை. ஏனென்றால் இது நல்ல பயிற்சி போலத் தெரிகிறது.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. உண்ணுதல் கோளாறு உள்ளவர் எலும்பும் தோலுமாக இருப்பார் என்று நினைக்கிறோம். புலிமியா உள்ள பலரது எடை சாதாரணமாகவே இருக்கும். அடிக்கடி வாந்தி எடுப்பதால் இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்து இதயத்துடிப்பு சீர்கெடும் ஆபத்து, பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும் பிள்ளைக்கும் உண்டு.

பட்டினி மனதுக்கு என்ன செய்கிறது?

இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். ஐரோப்பாவில் போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவளிப்பது என்று அறிவதே நோக்கம். மனச்சாட்சியின்படி ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் அதற்குத் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் ஆரோக்கியமானவர்களாகவே அவர்கள் தெரிவுசெய்யப்பட்டிருந்தனர். ஆறு மாதங்கள் அவர்களுக்கு அரைப்பட்டினி உணவு கொடுக்கப்பட்டது.

மெலிவும் களைப்பும் எதிர்பார்த்தவையே. ஆனால் அவர்களின் மனமும் மாறிப்போனது. எந்நேரமும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள். தட்டில் இருந்ததைச் சிறுசிறு துண்டுகளாக்கி மணிக்கணக்கில் உண்டார்கள். எரிச்சல், மனச்சோர்வு, மற்றவர்களிடமிருந்து ஒதுங்குதல் எல்லாம் வந்தன. மீண்டும் உணவு கிடைத்த பிறகும் சிலரால் உண்பதை நிறுத்த முடியவில்லை.

அனொரெக்ஸியா உள்ள ஒரு பிள்ளையிடம் வீட்டார் காணும் மாற்றங்களும் பெரும்பாலும் இவைதான். அவற்றில் பல அந்தப் பிள்ளையின் குணம் அல்ல, பட்டினியின் விளைவு என்று இந்தப் பரிசோதனை காட்டுகிறது. நோய் ஒரு வட்டமாகச் சுழல்கிறது: உண்ணாமை மனதைக் குறுக்குகிறது, குறுகிய மனம் உண்ண விடுவதில்லை. “மனசை மாத்து, பிறகு சாப்பாடு சரிவரும்” என்று காத்திருப்பதில் பயனில்லை. உணவுதான் முதல் மருந்து.

உடலின் வரவுசெலவுக் கணக்கு

மாதச் சம்பளத்தில் போக்குவரத்துச் செலவு போக மிஞ்சுவதைக் கொண்டுதான் வீடு நடக்கிறது. உடலும் அப்படியே. உணவில் கிடைக்கும் சக்தியில் பயிற்சிக்குச் செலவாகும் சக்தியைக் கழித்தால் மிஞ்சுவதைக் கொண்டுதான் இதயம் துடிக்க வேண்டும், எலும்பு வளர வேண்டும், மாதவிடாய் சுழல வேண்டும், நோயெதிர்ப்பு இயங்க வேண்டும். இந்த மிச்சத்தைக் கொழுப்பு நீங்கலான உடல் நிறையால் வகுத்துக் கணக்கிடுவார்கள். ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 45 கிலோகலோரி மிஞ்சினால் உடல் நன்றாக இயங்கும். அமெரிக்க ஆய்வாளர் ஆன் லௌக்ஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வொன்றில், இந்த அளவு 30க்குக் கீழே போனபோது, வெறும் ஐந்தே நாட்களில் பெண்களின் மாதவிடாயை இயக்கும் ஹோர்மோன் சுரப்பு குழம்பியது.

கொழுப்பு நீங்கலான நிறை 40 கிலோவாக உள்ள ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அவரது உடலுக்கு மிஞ்ச வேண்டியது 1,800 கிலோகலோரி. மாலைப் பயிற்சிக்கு 600 செலவானால் அவர் உண்ண வேண்டியது 2,400. பயிற்சிக்குப் போகாத அக்கா உண்ணும் அளவையே அவரும் உண்டால், யாரும் பட்டினி கிடக்காத வீட்டிலும் அவரது உடல் பட்டினி கிடக்கிறது.

அந்நிலையில் உடல் செலவைக் குறைக்கத் தொடங்கும். உயிர்வாழ உடனடியாகத் தேவைப்படாதவற்றை முதலில் நிறுத்தும். பெண்களில் மாதவிடாய் ஒழுங்கு கெடும் அல்லது நின்றுவிடும். ஆண்களில் ஆண்மை ஹோர்மோனான ரெஸ்ரொஸ்ரெறோன் குறையும். எலும்பு தேயும். காயம் ஆறத் தாமதமாகும். கை கால் குளிரும், இதயத்துடிப்பு மந்தமாகும்.

1992இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் உண்ணுதல் கோளாறு, மாதவிடாய் நிற்றல், எலும்புத் தேய்வு ஆகிய மூன்றையும் ஒரே நோயின் மூன்று முகங்களாக இனங்கண்டு “வீராங்கனைகளின் மும்மை” என்று பெயரிட்டனர். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை விரிவுபடுத்தி “விளையாட்டில் ஒப்பளவுச் சக்திக் குறைபாடு” என அழைத்தது. ஆங்கிலச் சுருக்கத்தில் இது ரெட்-எஸ். ஆண்களையும் இது தாக்கும் என்பதும், உண்ணுதல் கோளாறு இல்லாமலேயே, தெரியாமலோ வறுமையாலோ போதிய உணவு கிடைக்காதபோதும் ஏற்படும் என்பதும் அந்த விரிவாக்கத்தின் முக்கிய பகுதிகள்.

எலும்புக் கணக்கு இன்னும் கண்டிப்பானது. வாழ்நாள் முழுவதற்குமான எலும்புச் சேமிப்பின் பெரும்பகுதியைப் பதின்ம வயதில்தான் உடல் போட்டு வைக்கிறது. அந்த ஆண்டுகளில் சேமிக்கத் தவறியதைப் பிறகு முழுமையாக ஈடுசெய்ய முடியாமல் போகலாம். பதினாறு வயதில் கணுக்காலில் வரும் மயிரிழை முறிவு அப்போதே வந்த எச்சரிக்கை.

எந்த விளையாட்டுகளில் அதிகம்?

இதற்கு நோர்வே நாட்டின் ஆய்வுகள் நல்ல விடை தருகின்றன. யோருன் சுண்ட்கொட்-போர்கன், மொனிக்கா ரோர்ஸ்ற்வைற் ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வில், அந்நாட்டின் உயர்மட்ட விளையாட்டு வீரர்களில் 13.5 வீதமானோருக்கு உண்ணுதல் கோளாறு இருந்தது. விளையாடாத பொதுமக்களில் அது 4.6 வீதம் மட்டுமே. வீராங்கனைகளில் 20 வீதம், வீரர்களில் 8 வீதம். ஜிம்னாஸ்ரிக், நடனம் சார்ந்த விளையாட்டுகள் போல உடல் தோற்றத்துக்கும் புள்ளி வழங்கும் பிரிவுகளில் வீராங்கனைகளின் வீதம் 42. நீண்டதூர ஓட்டம் போன்றவற்றில் 24. பந்து விளையாட்டுகளிலும் 16 வீதம் இருந்தது. எந்த விளையாட்டும் முற்றாகப் பாதுகாப்பானதல்ல.

ஆபத்து அதிகமுள்ள விளையாட்டுகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, தோற்றத்தைப் பார்த்து நடுவர் புள்ளியிடுபவை. ரஷ்யாவின் பனிச்சறுக்கு நடன வீராங்கனை யூலியா லிப்னிற்ஸ்கயா 2014இல் சோச்சி ஒலிம்பிக்கில் 15 வயதில் அணிக்கான தங்கம் வென்றார். 2017இல், 19 வயதில், அனொரெக்ஸியாவுக்குச் சிகிச்சை பெற்றதை வெளிப்படுத்தி ஓய்வுபெற்றார்.

இரண்டாவது, உடல் பாரம் குறைந்தால் வேகமோ உயரமோ கூடும் என்று நம்பப்படுபவை. நீண்டதூர ஓட்டம், உயரம் பாய்தல், பனிச்சறுக்குப் பாய்ச்சல் போன்றவை இதில் அடங்கும். அமெரிக்க ஓட்ட வீராங்கனை மேரி கெய்ன் 2013இல் 17 வயதில் மொஸ்கோ உலக சம்பியன்சிப்பின் 1,500 மீற்றர் இறுதிப்போட்டியில் ஓடினார். பின்னர் ஒரு பெரிய நிறுவனத்தின் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். எடையைக் குறைக்குமாறு அங்கு தன்னை இடைவிடாமல் நெருக்கினார்கள் என்றும், மூன்று ஆண்டுகள் தனக்கு மாதவிடாய் வரவில்லை என்றும், ஐந்து எலும்புகள் முறிந்தன என்றும் 2019 நவம்பரில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை வழியாகப் பகிரங்கமாகச் சொன்னார். அவரது பயிற்றுநர் குற்றச்சாட்டை மறுத்தார். இலேசானால் வேகம் கூடும் என்ற கணக்கு சில வாரங்களுக்குச் சரியாகவும் இருக்கலாம். அதுதான் பொறி. முதலில் நேரம் குறைகிறது, எல்லோரும் கைதட்டுகிறார்கள். பிறகு எலும்பு முறிகிறது.

மூன்றாவது, எடைப்பிரிவு உள்ளவை: மல்யுத்தம், குத்துச்சண்டை, பளுதூக்கல், ஜூடோ, ரைகொண்டோ. ஆண் பிள்ளைகள் பெரிதும் சிக்குவது இங்கேதான். 1997 நவம்பர், டிசெம்பர் மாதங்களில், ஐந்து வாரங்களுக்குள், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் போட்டிக்கு முன் வியர்வை மூலம் எடையைக் குறைக்க முயன்று இறந்தார்கள். 2024 ஓகஸ்ற் 7 அன்று பரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் வினேஷ் போகட், இறுதிப்போட்டிக்குரிய காலையில் 50 கிலோ எல்லையை 100 கிராம் தாண்டியதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரவு முழுவதும் உறங்காமல் எடை குறைக்க முயன்றதும் தலைமுடியை வெட்டியதும் செய்தியாயின. அந்த 100 கிராமின் அநீதி பற்றி நாட்கணக்காகப் பேசினோம். ஒரு மனித உடல் ஓர் இரவில் அப்படிப் பிழியப்படலாம் என்பது பற்றிக் குறைவாகவே பேசினோம். எடைப்பிரிவுக்காகப் பிழிவது எல்லோரிடமும் உண்ணுதல் கோளாறாக மாறுவதில்லை. ஆனால் பதினான்கு வயதில் அதைப் பழகும் பிள்ளைக்கு, உணவு என்பது எதிரி என்ற பாடமும் சேர்ந்தே கிடைக்கிறது.

விதிகள் மாறியபோது நடந்தது

இது தனிப்பட்ட பிள்ளையின் பலவீனம் மட்டும் என்றால் விதிகளை மாற்றிப் பயனிருக்காது. ஆனால் மாற்றியிருக்கிறார்கள். மூன்று மரணங்களுக்குப் பின் 1998இல் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் வெப்ப அறைகளும் றப்பர் உடைகளும் தடைசெய்யப்பட்டன. எடை பார்க்கும் நேரம் போட்டிக்கு அண்மையாக மாற்றப்பட்டது. பருவத் தொடக்கத்தில், உடலில் நீர் போதுமா என்று பார்த்த பின்னரே, ஒவ்வொரு வீரருக்கும் இறங்கக்கூடாத எடை நிர்ணயிக்கப்பட்டது. சர்வதேச ஜிம்னாஸ்ரிக் சம்மேளனம் 1997 முதல் வளர்ந்தோர் போட்டிக்கான வயதை 16 ஆக்கியது. பனிச்சறுக்குப் பாய்ச்சலில் 2004 முதல், உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் குறுகிய பலகையையே பயன்படுத்தலாம் என்று விதி வந்தது. பட்டினியால் கிடைக்கும் இலாபத்தை விதியே பறித்தது. பனிச்சறுக்கு நடனத்தில் குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17 ஆகப் படிப்படியாக உயர்த்த 2022இல் முடிவெடுத்தார்கள்.

எல்லாவற்றையும்விட எமக்கு நெருக்கமான பாடம் மீண்டும் நோர்வேயிலிருந்து வருகிறது. 2014இல் வெளியான ஆய்வொன்றில், அந்நாட்டின் விளையாட்டு உயர்நிலைப் பாடசாலைகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு குழுவில் மாணவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும் ஓராண்டு காலம் உணவு, உடல், தன்மதிப்பு பற்றிய கல்வி வழங்கப்பட்டது. அந்தப் பாடசாலைகளின் மாணவிகளில் புதிதாக ஒருவருக்கும் உண்ணுதல் கோளாறு வரவில்லை. மற்றப் பாடசாலைகளில் 13 வீதமான மாணவிகளுக்கு வந்தது. இதற்குப் பெரிய மருத்துவ வசதி எதுவும் தேவைப்படவில்லை. பெரியவர்கள் பேசும் விதம் மாறியதுதான் முக்கிய வேறுபாடு.

எமது மைதானங்களில்

இல்ல மெய்வல்லுநர் போட்டியில் தொடங்கி வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஏறும் படிகளில் எமது பிள்ளைகள் நிறையவே சாதிக்கிறார்கள். பளுதூக்கல், குத்துச்சண்டை, மல்யுத்தம் ஆகியவற்றில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் தேசிய மட்டப் பதக்கங்கள் வருகின்றன. போரில் எல்லாம் இழந்த குடும்பமொன்றுக்கு அந்தப் பதக்கம் வெறும் பதக்கம் அல்ல. பல்கலைக்கழக அனுமதிக்கும் வேலைவாய்ப்புக்கும் கதவு திறக்கலாம் என்ற நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையின் பாரம் பிள்ளையின் தோளில் இருக்கிறது. “என்னால ஏலாது” என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு இடமில்லை.

இங்கே இரண்டு விதப் பசி ஒன்றாகக் கலக்கிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் முட்டையும் மீனும் பாலும் பல வீடுகளில் எண்ணி வாங்கும் பொருட்களாயின. காலையில் வெறும் தேநீருடன் பாடசாலைக்கு வந்து, மாலையில் பயிற்சிக்கு நிற்கும் பிள்ளையின் உடலில், அதுவே விரும்பி உண்ணாதிருந்தால் நிகழும் அதே அழிவுதான் நிகழ்கிறது. எலும்புக்குக் காரணம் தெரியாது. எனவே ஒரு பிள்ளை மெலிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி “ஏன் சாப்பிடுறேல்லை?” என்பதல்ல. வீட்டில் இருக்கிறதா, இல்லாததைச் சொல்லப் பிள்ளை கூச்சப்படுகிறதா என்று அமைதியாக அறிய வேண்டும். இல்லை என்றால் தேவை மனநல ஆலோசனை அல்ல, பயிற்சிக்கு முன்னும் பின்னும் அவித்த கடலை, வாழைப்பழம், முட்டை, கச்சான், பருப்பும் சோறும். பழைய மாணவர் சங்கங்கள் கிண்ணத்துக்கும் சீருடைக்கும் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம்.

மாதவிடாய் விடயத்தில் எமது வீடுகளுக்கு ஒரு பழைய அறிவு உண்டு. பெண் பிள்ளை பெரியபிள்ளையானால் உழுத்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஊட்டி ஊட்டிக் கொடுப்போம். உணவுக்கும் மாதவிடாய்க்கும் எலும்புக்கும் தொடர்பு உண்டு என்று அந்த வழக்கத்துக்குத் தெரியும். ஆனால் அதே பிள்ளை இரண்டு ஆண்டுகள் கழித்து ஓட்டப் பயிற்சிக்குப் போய் மாதவிடாய் நின்றால், “கடுமையான பயிற்சி, அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிடுகிறோம். சில பிள்ளைகளுக்கு அது தொல்லை விட்டதாகவும் இருக்கிறது, குறிப்பாக மைதானத்தில் ஒழுங்கான கழிப்பறை இல்லாதபோது. பெண் பயிற்றுநர் இல்லாத இடத்தில் இந்தப் பேச்சே எழுவதில்லை. பயிற்சியால் மாதவிடாய் நிற்பது இயல்பல்ல. மூன்று மாதங்கள் தொடர்ந்து வராவிட்டாலும், 15 வயதாகியும் முதல் மாதவிடாய் வராவிட்டாலும் வைத்தியரிடம் காட்ட வேண்டும். கருத்தடை மாத்திரை கொடுத்து இரத்தப்போக்கை வரவழைப்பது இதற்குத் தீர்வாகாது. உணவுக் குறைவு அப்படியே இருக்க, அடையாளம் மட்டும் மறைந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

தனியாக ஒன்று இருந்தால் அது நோய் என்று அர்த்தமில்லை. பல சேர்ந்து வந்தால் தாமதிக்கக்கூடாது.

- மற்றவர்களுடன் சேர்ந்து உண்பதைத் தவிர்ப்பது, “பாடசாலையில சாப்பிட்டிட்டன்” என்று அடிக்கடி சொல்வது
- வீட்டாருக்கு விரும்பிச் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் உண்ணாதிருப்பது
- சாப்பிட்டவுடன் நீண்டநேரம் குளியலறையில் இருப்பது
- பயிற்சி இல்லாத நாளிலும், காய்ச்சலோ காயமோ இருந்தாலும் ஓடாமல் இருக்க முடியாமை
- ஒரு நாளில் பல தடவை எடை பார்ப்பது, வெக்கையிலும் தளர்ந்த நீண்ட உடை அணிவது
- எப்போதும் குளிர்வது, தலைசுற்று, மயக்கம், முடி உதிர்தல்
- மாதவிடாய் ஒழுங்கின்மை, திரும்பத் திரும்ப வரும் எலும்புக் காயம்
- சிரித்துப் பேசிய பிள்ளை ஒதுங்கிப்போதல், சிறிய விடயங்களுக்கும் எரிந்து விழுதல்

மயங்கி விழுதல், நெஞ்சுப் படபடப்பு, வாந்தியில் இரத்தம், தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தல், சாக வேண்டும் என்ற பேச்சு ஆகியவை இருந்தால் நாள் பார்க்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சாதாரண இரத்தப் பரிசோதனை நன்றாக வந்துவிட்டது என்பதால் மட்டும் ஆபத்தில்லை என்று முடிவெடுக்கக்கூடாது.

எப்படிப் பேசுவது, எங்கே போவது?

உடலைப் பற்றிப் பேசாமல், காண்பதைப் பற்றிப் பேசுங்கள். “மெலிஞ்சு போனாய்” என்பது நோயுற்ற பிள்ளைக்குப் பாராட்டாகக் கேட்கும். “இப்ப நல்லா இருக்கிறாய், சதை வச்சிட்டுது” என்பது வசையாகக் கேட்கும். அதற்குப் பதிலாக, “பிள்ளை, கொஞ்ச நாளா நீ எங்களோட இருந்து சாப்பிடுறேல்லை, எனக்குக் கவலையா இருக்கு” என்று தாய் தொடங்கலாம். முதல் தடவை பிள்ளை மறுக்கும், கோபிக்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே. இரண்டு நாள் விட்டு மறுபடியும் கேட்கலாம். போரில் பட்ட பசியை எடுத்துச் சொல்லி வெட்கப்படுத்த வேண்டாம். அது உண்மையான துயரம்தான். ஆனால் ஏற்கெனவே குற்றவுணர்வில் இருக்கும் பிள்ளைக்கு இன்னுமொரு குற்றவுணர்வே அதனால் சேரும்.

பயிற்றுநர்களுக்கான விதிகள் எளியவை. எல்லோர் முன்னிலையிலும் எடை பார்க்க வேண்டாம். எடையை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டாம். “குண்டு” என்று பட்டப்பெயர் வைக்க வேண்டாம். வளரும் வயதுப் பிள்ளையை அதே எடைப்பிரிவில் வைத்திருக்க முயல வேண்டாம். பதின்ம வயதில் எடை கூடுவது வளர்ச்சி. மேற்பிரிவுக்கு மாற்றுங்கள். காயப்பட்ட பிள்ளையிடம் என்ன சாப்பிடுகிறாய் என்றும் கேளுங்கள். சுகவீனமான பிள்ளையைப் பயிற்சியிலிருந்து நிறுத்த வேண்டி வந்தால் அணியிலிருந்து விலக்கிவிடாதீர்கள். நேரம் குறிக்கவும் குறிப்பெடுக்கவும் அருகில் வைத்திருங்கள். தண்டனை கிடைக்கும் என்று தெரிந்தால் அடுத்த பிள்ளை வாய் திறக்காது.

சிகிச்சையில் பெற்றோருக்கே முக்கிய இடம். இலண்டன் மௌட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான, 1987 முதல் ஆய்வுகளில் பயன் காட்டிய முறையில், பிள்ளைக்கு என்ன, எவ்வளவு, எப்போது உணவு என்பதைக் கொஞ்சக் காலத்துக்குப் பெற்றோரே பொறுப்பேற்கின்றனர். ஒவ்வொரு வேளையும் கூட இருக்கிறார்கள், சண்டை போடாமல் காத்திருக்கிறார்கள். யார் பிழை என்று தேடுவதில்லை. பிள்ளை தேறத் தேறப் பொறுப்பு மெல்லப் பிள்ளையிடம் திரும்புகிறது. நோய் தொடங்கி மூன்று ஆண்டுகளுக்குள் இதைச் செய்தால் பலன் அதிகம். ஒரேயொரு எச்சரிக்கை: மிகவும் மெலிந்துவிட்ட பிள்ளைக்கு ஒரேயடியாகப் பெருமளவு உணவு கொடுக்கக்கூடாது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென உணவு சேரும்போது இரத்தத்தில் பொசுபேற்று போன்ற உப்புகள் சடுதியாகக் குறைந்து உயிராபத்து ஏற்படலாம். அத்தகைய பிள்ளைக்கு வைத்தியசாலையின் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

முதலில் குடும்ப வைத்தியரிடமோ அரச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டலாம். அங்கிருந்து உளநலப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உள்ளன. ஊரில் தெரிந்துவிடும் என்ற தயக்கம் இருந்தால் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தொடங்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். உளநலப் பிரிவுக்குப் போவதால் விளையாட்டு முடிந்துவிடாது. உண்ணாமல் ஓடினால்தான் முடியும்.

அடுத்த பருவப் பயிற்சி தொடங்கும்போது பிள்ளைகளின் நேரமும் தூரமும் ஒரு கொப்பியில் எழுதப்படும். அதே கொப்பியில் இன்னும் மூன்று விடயங்கள் இருக்கட்டும்: இன்று காலை என்ன சாப்பிட்டாய், எத்தனை மணி உறங்கினாய், எங்காவது நோகிறதா. மாதவிடாய் பற்றிய கேள்வியை ஒரு ஆசிரியையிடமோ தாயிடமோ விடலாம். இதற்கு நிதி தேவையில்லை, சுற்றறிக்கையும் தேவையில்லை. பிள்ளை பொய் சொல்லத் தேவையில்லாதபடி கேட்கத் தெரிந்த ஒரு பெரியவர் மைதானத்தில் இருந்தால் போதும்.